தவளைக்கும் 'ஸ்வாப்' டெஸ்ட்: கண்ணுக்குத் தெரியாத தோல் பூஞ்சையைக் கண்டுபிடிப்பது எப்படி? டெல்டா வயலுக்கு இதில் என்ன சம்பந்தம்?

ஐப்பசியில் மழை பிடித்துவிட்டால் தஞ்சாவூர், திருவாரூர், மயிலாடுதுறை பக்கம் ராத்திரி முழுக்க தவளைக் கச்சேரிதான். சம்பா வயலில் தண்ணீர் நிற்கும். வரப்பு, வாய்க்கால், குட்டை என்று எங்கே பார்த்தாலும் தவளை. தூக்கம் கெடுகிறது என்று திட்டுபவர்கள் உண்டு. ஆனா அந்தச் சத்தம் ஒரு வருஷம் பாதியாகக் குறைந்தால் அதை யார் கவனிப்பார்கள்?

உலகின் சில பகுதிகளில் இது நிஜமாகவே நடந்தது. ஆஸ்திரேலியாவிலும் மத்திய அமெரிக்காவிலும் 1970-களில் இருந்து மலை ஓடைகளில் தவளைகள் வரிசையாகக் காணாமல் போயின. காடு அப்படியே இருந்தது, தண்ணீர் சுத்தமாக இருந்தது, தவளை மட்டும் இல்லை. காரணம் தெரிய 1998 வரை ஆனது. தோலில் வளரும் ஒரு பூஞ்சை!

அதே வகைப் பூஞ்சை இந்தியாவிலும் இருக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையில் இருப்பது 2011-லேயே உறுதியானது. காவிரி பிறப்பதும் அதே மலைத்தொடரில்தான். அப்படின்னா டெல்டா தவளைக்கு ஆபத்தா? இந்த நோய் இருக்கா இல்லையா என்று எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

என்ன நோய் இது?

நோயின் பெயர் கைட்ரிடியோமைகோசிஸ். சுருக்கமாக கைட்ரிட் நோய் என்கிறார்கள். இதை உண்டாக்கும் பூஞ்சையின் முழுப்பெயர் பாட்ராகோகைட்ரியம் டெண்ட்ரோபாடிடிஸ். வாயில் நுழையாத பெயர் என்பதால் விஞ்ஞானிகளே 'பிடி' என்றுதான் சொல்கிறார்கள். வாஷிங்டன் தேசிய உயிரியல் பூங்காவில் இறந்த நீல நிற விஷத் தவளைகளில் இருந்து இதைப் பிரித்தெடுத்து, 1999-ல் பெயர் வைத்தார்கள்.

ரொட்டியில் பூக்கும் பூஞ்சை மாதிரி இது காற்றில் பரவாது. இதன் வித்துகளுக்கு வால் உண்டு. தண்ணீரில் நீந்திப் போய் தவளைத் தோலில் ஒட்டிக்கொள்ளும். அளவு மிகச் சின்னது. ஒரு மில்லிமீட்டர் இடத்தில் 200-க்கும் மேல் வரிசையாக நிற்கலாம். ஒட்டியதும் தோலுக்குள் இறங்கி ஒரு பை மாதிரி வளரும். 22 டிகிரி வெப்பத்தில் நாலைந்து நாளில் அந்தப் பை முதிர்ந்து, புதிய வித்துகளைத் தண்ணீருக்குள் விடும். அதே தவளை மேல் மறுபடி ஒட்டலாம், பக்கத்துத் தவளைக்கும் போகலாம்.

தோலில் பூஞ்சை வந்தால் சாவு வருமா? நமக்குப் படர்தாமரை வந்தால் அரிப்போடு போய்விடுமே! தவளை விஷயம் வேறு. தவளை வாயால் தண்ணீர் குடிப்பதில்லை. அடிவயிறு, தொடைத் தோல் வழியாகத்தான் உறிஞ்சிக்கொள்கிறது. சோடியம், பொட்டாசியம் மாதிரி உப்புகளை உடம்பில் சரியான அளவில் வைப்பதும் தோல்தான். மூச்சில் ஒரு பங்கும் தோல் வழியாகவே. பூஞ்சை அந்தத் தோலைத் தடிக்க வைத்துவிடும். ரத்தத்தில் உப்பு அளவு சரியும். வயிற்றுப்போக்கு முற்றிய குழந்தைக்கு உப்புச்சத்து இறங்கினால் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியும். தவளைக்குக் கடைசியில் இதயம் நின்றுவிடுகிறது. 2009-ல் வெளியான ஆய்வில்தான் இந்த வழி தெளிவானது.

பாதிப்பு எவ்வளவு பெரியது? 2019-ல் உலகம் முழுக்க கணக்கெடுத்தார்கள். குறைந்தது 501 நீர்நில வாழ் இனங்கள் இந்தப் பூஞ்சையால் எண்ணிக்கையில் சரிந்துள்ளன. அதில் 90 இனங்கள் அழிந்தேவிட்டதாகக் கருதப்படுகிறது. ஒரே ஒரு நோயால் இத்தனை இனங்கள் சரிந்த உதாரணம் வேறு இல்லை.

இந்தியாவில் எப்போது தெரிந்தது?

மேற்குத் தொடர்ச்சி மலையில் மட்டும் வாழும் இண்டிரானா பிராக்கிடார்சஸ் என்ற தாவும் தவளையில் பிடி பூஞ்சை இருப்பதாக 2011-ல் முதல் அறிக்கை வந்தது. திருவனந்தபுரம் ராஜீவ் காந்தி உயிர்தொழில்நுட்ப மையமும் ஃபின்லாந்தின் ஹெல்சின்கி பல்கலைக்கழகமும் சேர்ந்து செய்த வேலை அது. 2013-ல் மலைத்தொடரின் வடக்குப் பகுதியிலும் இருப்பது தெரிந்தது. கோவையைச் சேர்ந்த ஜூ அவுட்ரீச் அமைப்பின் சஞ்சய் மோளூர், நீலேஷ் தஹானுகர் ஆகியோர் பங்கேற்ற 2015 ஆய்வு இன்னும் ஒரு படி மேலே போனது. பூஞ்சையின் ஆசிய வகை மேற்குத் தொடர்ச்சி மலையில் பரவலாகவே இருக்கிறது என்றது.

ஆனா ஒரு வினோதம். பூஞ்சை இருக்கிறது, பிணங்கள் இல்லை. பனாமாவில் நடந்த மாதிரி ஓடைக்கரையில் தவளைகள் குவியலாகச் செத்துக் கிடந்த காட்சி இந்தியாவில் பதிவாகவில்லை.

இதற்கு ஒரு விளக்கம் 2018-ல் கிடைத்தது. பல நாடுகளின் பூஞ்சை மாதிரிகளை மரபணு அளவில் ஒப்பிட்டுப் பார்த்தபோது, இதன் பூர்வீகம் கிழக்கு ஆசியா, குறிப்பாக கொரிய தீபகற்பம் என்று தெரியவந்தது. அங்கிருந்து கடந்த நூற்றாண்டில் வியாபாரத்தோடு வியாபாரமாக உலகம் சுற்றியிருக்கிறது. உணவுக்கு, ஆய்வகத்துக்கு, வளர்ப்புக்கு என்று உயிரோடு ஏற்றுமதியான தவளைகள்தான் வாகனம். அதாவது ஆசியத் தவளைகளுக்கு இது பழைய எதிரி. நீண்ட காலம் கூடவே வாழ்ந்து பழகியிருக்கலாம். பழக்கமே இல்லாத ஆஸ்திரேலியத் தவளைக்குத்தான் அது கொள்ளை நோயானது.

சரி, அப்போ கவலை இல்லையே என்று விட்டுவிட முடியாது. ஏன்னா உலகத்தைச் சுற்றிய வகை இங்கே இருக்கும் வகையைவிட வீரியமானது. அது வெளிநாட்டு வளர்ப்புப் பிராணி வியாபாரம் வழியாகத் திரும்பி உள்ளே வரலாம். இரண்டு வகைகள் சந்தித்தால் கலப்பு வகைகள் பிறப்பதும் மற்ற நாடுகளில் பதிவாகியிருக்கிறது. அதனால் 'பூஞ்சை இருக்கா' என்று மட்டும் பார்த்தால் போதாது, 'எந்த வகை' என்றும் பார்க்கணும்.

பார்த்தாலே தெரியாதா?

தெரியாது. டெல்டாவில் மக்கள் அடிக்கடி சந்தேகப்படும் மூன்று விஷயங்களையே எடுத்துக்கொள்வோம்.

முதல் மழையில் பளிச்சென்று மஞ்சளாக, பெரிய பெரிய தவளைகள் வயலில் வரும். வாட்ஸ்அப்பில் 'விஷத் தவளை', 'நோய்த் தவளை' என்று வீடியோ சுற்றும். அது நோயே இல்லை. இந்திய புல்ஃப்ராக் என்று சொல்லப்படும் பெரிய வயல் தவளையின் ஆண், இனப்பெருக்க நேரத்தில் இப்படி நிறம் மாறும். தாடைக்குக் கீழே நீலப் பை வேறு தெரியும். சில நாளில் பழைய நிறத்துக்கே திரும்பிவிடும்.

அடுத்தது, குட்டையில் தவளை முட்டைகள் மேல் வெள்ளைப் பஞ்சு மாதிரி படர்வது. அது சாப்ரோலெக்னியா என்ற நீர்ப்பூசணம். செத்த முட்டைகளில் சாதாரணமாக வரும். பிடி பூஞ்சைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

மூன்றாவது, தேரையின் தோல் சொரசொரவென்று மேடு பள்ளமாக இருப்பது. அது அதன் இயல்பான தோல், அவ்வளவுதான்.

உண்மையான கைட்ரிட் நோய் வந்த தவளையில் என்ன தெரியும்? பகலில் ஒளியாமல் வெளியில் உட்கார்ந்திருக்கும். பின்னங்காலை மடக்காமல் விரித்து வைத்திருக்கும். தோல் அளவுக்கு அதிகமாக உரியும். அடிவயிறு சிவக்கலாம். மல்லாக்கப் போட்டால் புரண்டு எழ முடியாது. ஆனா இதே அடையாளங்கள் பாக்டீரியா நோயிலும் வரும், சில வைரஸ் நோய்களிலும் வரும். வயலில் மருந்தடித்த மறுநாள்கூட தவளை இப்படித் துவண்டு கிடக்கலாம். இன்னொரு பக்கம், பூஞ்சை தோலில் இருந்தும் எந்த அடையாளமும் காட்டாமல் நன்றாகத் தாவிக்கொண்டிருக்கும் தவளைகளும் உண்டு. இந்தியாவில் பாசிட்டிவ் வந்த தவளைகள் பெரும்பாலும் அந்த ரகம்.

தலைப்பிரட்டை விஷயம் இன்னும் தந்திரமானது. பூஞ்சை பிடித்து வளர்வது கெரட்டின் என்ற புரதம் உள்ள இடத்தில். நம் நகத்திலும் முடியிலும் இருக்கும் அதே புரதம்தான். தலைப்பிரட்டைக்கு அது வாய்ப்பகுதியில் மட்டும்தான் உண்டு. அதனால் வாயில் பூஞ்சையோடு நீந்தித் திரியும், சாகாது. வால் சுருங்கி, கால் முளைத்து, உடம்பு முழுக்க தவளைத் தோல் வரும்போது பூஞ்சை பரவும். குட்டித் தவளைகள் கரையேறிய கையோடு சாவது அப்போதுதான்.

ஸ்வாப் எடுப்பது எப்படி?

கொரோனா காலத்தில் மூக்கில் குச்சி விட்டு எடுத்தார்களே, அதே டெஸ்ட்தான். குச்சி மூக்குக்குள் போகாமல் தவளையின் வயிற்றில் போகிறது, அதுதான் வித்தியாசம்.

ராத்திரியில் தலையில் டார்ச் மாட்டிக்கொண்டு வயலில் இறங்குவார்கள். தவளையைப் பிடிக்க ஒவ்வொரு முறையும் புதுக் கையுறை. வெறும் கையாலோ ஒரே கையுறையாலோ பத்துத் தவளையைப் பிடித்தால் முதல் தவளையின் பூஞ்சை பத்துக்கும் ஏறிவிடும். டெஸ்ட் ரிசல்ட் கெடுவது ஒரு பக்கம், நோயை நாமே பரப்பின மாதிரி ஆகிவிடும். அதனால்தான் பிடித்த தவளைகளை ஒரே வாளியில் போடுவதில்லை. ஆளுக்கொரு பை.

பிறகு கிருமி நீக்கிய பஞ்சுக்குச்சியால் அடிவயிறு, தொடையின் உள்பக்கம், பின்னங்கால் விரல்களுக்கு இடையே உள்ள சவ்வு ஆகிய இடங்களில் திரும்பத் திரும்பத் தேய்ப்பார்கள். முதுகில் ஏன் தேய்ப்பதில்லை? தண்ணீர் உறிஞ்சும் பகுதியில்தான் பூஞ்சை அதிகம் குடியிருக்கும். தலைப்பிரட்டை என்றால் வாயில் மெதுவாகச் சுற்றி எடுப்பார்கள். தேய்த்த குச்சி சின்னக் குழாய்க்குள் போகும், தவளை பிடித்த இடத்துக்கே போகும். அதற்கு ஒரு காயமும் இல்லை. ஒரு காலத்தில் விரல் நுனியை வெட்டி எடுத்து மைக்ரோஸ்கோப்பில் பார்த்தார்கள். ஸ்வாப் வந்த பிறகு கணக்கெடுப்புகளில் அது பெரும்பாலும் தேவைப்படுவதில்லை.

நெல் வயலில் ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. சேறு. மட்கிய இலைதழையில் இருந்து வரும் ஹியூமிக் அமிலம் பிசிஆர் டெஸ்ட்டின் வேதிவினையையே தடுக்கும். பூஞ்சை இருந்தாலும் 'நெகட்டிவ்' காட்டிவிடும். ஓடைத் தவளை கழுவின மாதிரி இருக்கும், வயல் தவளை சேற்றில் புரண்டு வரும். அதனால் முதலில் சுத்தமான தண்ணீரை ஊற்றி அலசிவிட்டுத்தான் தேய்க்கணும். ஆய்வகத்திலும் எடுத்த டிஎன்ஏ-வை நீர்க்க வைத்து ஓட்டுவார்கள். கூடவே ஒரு சோதனை டிஎன்ஏ-வையும் சேர்த்துவிடுவார்கள். அந்தச் சோதனை டிஎன்ஏ-வே தெரியவில்லை என்றால், டெஸ்ட்டே ஓடவில்லை என்று அர்த்தம். அந்த நெகட்டிவை நம்பக்கூடாது.

தவளையைப் பிடிக்காமலே, தண்ணீரை வடிகட்டி அதில் பூஞ்சையின் டிஎன்ஏ இருக்கிறதா என்று பார்க்கும் முறையும் வந்திருக்கிறது. மலை ஓடையில் இது வசதி. களிமண் கலங்கிய வாய்க்கால் தண்ணீரில் வடிகட்டி சீக்கிரமே அடைத்துக்கொள்ளும்.

டெஸ்ட்டே ஏமாற்றிய கதை

இந்த விஷயத்தில் முக்கியமான பகுதி இதுதான். உலகம் முழுக்க பிடி பூஞ்சைக்கு 'தங்கத் தரம்' என்று கொண்டாடப்பட்ட பிசிஆர் டெஸ்ட் 2004-ல் ஆஸ்திரேலியாவில் உருவானது. ஒரே ஒரு வித்து இருந்தாலும் காட்டிக்கொடுக்கும் அளவுக்கு நுணுக்கமானது. எவ்வளவு பூஞ்சை என்ற எண்ணிக்கையும் சொல்லும். கொரோனாவில் 'சிடி வேல்யூ' என்று கேட்டுப் பழகினோமே, அதே கணக்குதான். சிடி குறைவு என்றால் கிருமி அதிகம்.

பிசிஆர் எப்படி வேலை செய்கிறது? பூஞ்சையின் டிஎன்ஏ-வில் ஒரு குறிப்பிட்ட இடத்தைப் பூட்டு என்று வைத்துக்கொண்டால், அதற்கு ஏற்ற சாவியை ஆய்வகத்தில் செய்து போடுவார்கள். சாவி பொருந்தினால் அந்த இடம் கோடிக்கணக்கில் பிரதியாகி, பாசிட்டிவ் தெரியும். 2004 டெஸ்ட்டின் சாவி, அன்றைக்குக் கையில் இருந்த பூஞ்சை மாதிரிகளைப் பார்த்துச் செய்தது. ஆசியாவில் நூற்றாண்டுகளாக வாழ்ந்த பூஞ்சையில் அதே இடத்தில் எழுத்துகள் கொஞ்சம் கொஞ்சம் மாறியிருக்கின்றன. பூட்டு மாறிவிட்டது, சாவி மாறவில்லை. விளைவு, பூஞ்சை இருந்தும் சில மாதிரிகளில் நெகட்டிவ்.

15 ஆசிய நாடுகளில் 3,000-க்கும் மேற்பட்ட மாதிரிகளை வைத்து 2011-ல் வந்த ஆய்வு, ஆசியாவில் சராசரியாக 2.35 சதவீத தவளைகளிடம்தான் பூஞ்சை இருக்கிறது என்றது. அந்த எண்ணை இப்போது கொஞ்சம் எச்சரிக்கையாகத்தான் படிக்கணும். நிஜமாகவே குறைவா, அல்லது சாவி பொருந்தாததால் குறைவாகத் தெரிந்ததா?

ஹைதராபாத்தில் உள்ள சிசிஎம்பி நிறுவனம் இந்தச் சிக்கலைக் கையில் எடுத்தது. அதன் அழிந்துவரும் உயிரினப் பாதுகாப்பு ஆய்வகத்தில் கார்த்திகேயன் வாசுதேவன் குழு, இந்தியாவின் பல்லுயிர் வளம் மிகுந்த பகுதிகளில் ஆயிரத்துக்கும் அதிகமான மாதிரிகளைச் சோதித்தது. 2018-ல் வெளியான முடிவு இரண்டு விஷயம் சொன்னது. ஒன்று, தொற்று விகிதம் குறைவுதான். இன்னொன்று, பூஞ்சையின் மரபணு வகைகள் மிக அதிகம். ஒரு ஊரில் புதிதாகக் குடியேறியவர்கள் எல்லாம் ஒரே மாதிரி இருப்பார்கள், தலைமுறை தலைமுறையாக இருப்பவர்களிடம்தான் விதவிதமான கிளைகள் இருக்கும். பூஞ்சையும் அப்படித்தான். இத்தனை வகைகள் இருப்பதே அது இங்கே பழைய குடி என்பதற்கு அடையாளம்.

இதைத் தொடர்ந்து, ஆசிய வகைகளையும் விட்டுவிடாத புதிய பிசிஆர் டெஸ்ட் ஒன்றை சிசிஎம்பி உருவாக்கி 2025-ல் அறிவித்தது. இந்தியா, ஆஸ்திரேலியா, பனாமா ஆகிய மூன்று இடங்களின் மாதிரிகளிலும் அது சரிபார்க்கப்பட்டது. இந்திய ஆய்வகத்தில் இந்தியப் பூஞ்சையைப் பார்த்துச் செய்த சாவி என்பதால், இனி வரும் நெகட்டிவ்களுக்கு மதிப்பு கூடும்.

30 தவளையில் ஒன்றிலும் இல்லை. அப்போ ஊரில் நோய் இல்லையா?

இந்தக் கேள்வியில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். ஒரு கிராமத்து வயலில் 30 தவளைகளைப் பிடித்து, 30-ம் நெகட்டிவ் என்றால், 95 சதவீத உறுதியோடு சொல்லக்கூடியது இவ்வளவுதான்: தொற்று இருந்தாலும் 10 சதவீதத்துக்குக் கீழே இருக்கும். 5 சதவீதத்துக்குக் கீழே என்று சொல்ல சுமார் 60 தவளை வேண்டும். ஆசிய சராசரி என்று சொன்ன 2.35 சதவீத அளவில் ஒளிந்திருக்கும் தொற்றைப் பிடிக்க கிட்டத்தட்ட 126 தவளை. 1 சதவீதம் என்றால் 300.

இது வெறும் நிகழ்தகவுக் கணக்குதான், தாளில் போட்டுப் பார்க்கலாம். நாலு தவளையைப் பார்த்துவிட்டு 'எங்க ஊர்ல ஒண்ணும் இல்ல' என்று சொல்ல முடியாது என்பது இதில் தெரிகிறது.

டெல்டா வெயிலில் இந்தப் பூஞ்சை பிழைக்குமா?

பிடி பூஞ்சைக்குப் பிடித்த வெப்பநிலை 17 முதல் 25 டிகிரி. 28-ஐத் தாண்டினால் வளர்ச்சி நின்றுவிடும். ஆய்வகத்தில் 37 டிகிரியில் வைத்தபோது 4 மணி நேரத்தில் செத்துவிட்டது. நம் உடம்புச் சூடே அவ்வளவு என்பதால் மனிதருக்கு இந்த நோய் வராது. ஆடு, மாடு, கோழிக்கும் வராது.

சித்திரை, வைகாசியில் தஞ்சாவூர் வெயிலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். வயல் வெடித்துக் கிடக்கும், தவளைகள் மண்ணுக்குள் போய்விடும். ஈரமும் இல்லை, குளிர்ச்சியும் இல்லை. பூஞ்சைக்கு இது நரகம். அதனால் சமவெளி டெல்டா, ஊட்டி, வால்பாறை மாதிரி அல்ல என்பது உண்மையான ஆறுதல்.

ஆனா வருஷம் முழுக்க வெயில் இல்லையே. மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12-ல் திறந்து ஜனவரி 28-ல் மூடப்படும். அந்த ஏழு மாதமும் வயலில் தண்ணீர். கார்த்திகை, மார்கழி, தை மாதங்களில் ராத்திரி வெப்பநிலை 22 டிகிரியை ஒட்டி இறங்கும், பகலிலும் 30-ஐத் தாண்டாத நாட்கள் நிறைய. வடகிழக்குப் பருவமழையில் தவளைகள் ஜோடி சேர ஒரே இடத்தில் கூடுவதும் அந்தச் சமயத்தில்தான். தண்ணீர், குளிர்ச்சி, கூட்டம் மூன்றும் ஒன்றாக அமையும் இந்த இரண்டு மூன்று மாதம்தான் டெல்டாவில் ஸ்வாப் எடுக்கச் சரியான நேரம். மே மாதத்தில் எடுத்து நெகட்டிவ் வந்தால் அதற்கு அர்த்தம் குறைவு. பல நாடுகளில் ஒரே இடத்தில் குளிர்காலத்தில் பாசிட்டிவும் கோடையில் நெகட்டிவும் வருவது வழக்கம்.

வெப்பத்தை மருந்தாகவே பயன்படுத்தும் முயற்சியும் நடக்கிறது. சிட்னியில் உள்ள மக்குவாரி பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ஓட்டை உள்ள செங்கற்களை அடுக்கி, அதன் மேல் சின்ன பசுமைக் குடில் அமைத்து, 'தவளை சானா' என்று பெயர் வைத்தார்கள். நோயுள்ள தவளைகள் தாமாகவே அந்தச் சூட்டுக்குள் போய் உட்கார்ந்து தொற்றில் இருந்து தேறின. அப்படித் தேறியவைக்கு அடுத்த முறை எதிர்ப்புச் சக்தியும் கூடியிருந்தது. 2024-ல் நேச்சர் இதழில் வந்த ஆய்வு இது. காசு கொடுத்து அங்கே உண்டாக்கும் சூட்டை நம் சித்திரை வெயில் சும்மாவே கொடுக்கிறது.

காவிரித் தண்ணீரோடு மலையில் இருந்து பூஞ்சை வந்துவிடுமா என்றும் கேட்கலாம். வித்துகள் தாமாக நீந்துவது சில சென்டிமீட்டர்தான். கிருமி நீக்கிய ஏரித் தண்ணீரில் 7 வாரம் வரை பிழைத்திருந்ததாக ஆய்வகப் பதிவு உண்டு. ஆனா குடகில் இருந்து கிருஷ்ணராஜ சாகர், மேட்டூர் என்று பெரிய அணைகளில் தேங்கி, சமவெளியில் சூடாகி, கல்லணை தாண்டி வரும் தண்ணீர் அந்தக் குளிர்ந்த ஏரி அல்ல. ஆற்று ஓட்டத்தைவிட மனிதர் கொண்டுபோகும் ஈரச் சேறு, வலை, பூட்ஸ், உயிருள்ள தவளை ஆகியவைதான் பெரிய வழி.

தவளை குறைந்தால் விவசாயிக்கு என்ன நஷ்டம்?

இந்தியாவுக்கு இதில் சொந்த அனுபவம் இருக்கிறது. தவளைக்கால் ஏற்றுமதியில் ஒரு காலத்தில் இந்தியா முன்னணி நாடு. 1980-களின் தொடக்கம் வரை ஆயிரக்கணக்கான டன் ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் போனது. எல்லாம் வயலிலும் சதுப்பிலும் பிடித்த காட்டுத் தவளைகள், பண்ணையில் வளர்த்தவை அல்ல. வயலில் பூச்சி கூடுகிறது, பூச்சி மருந்துச் செலவு ஏறுகிறது என்ற எதிர்ப்பு வலுத்தது. பெரிய வயல் தவளையும் பச்சைக் குளத் தவளையும் 1985-ல் சர்வதேச வர்த்தகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்ந்தன. 1987-ல் ஏற்றுமதியையே மத்திய அரசு தடை செய்தது.

கொசு விஷயமும் உண்டு. கோஸ்டாரிகா, பனாமாவில் இந்தப் பூஞ்சை தவளைகளைத் துடைத்துப்போட்ட பகுதிகளில், அதற்குப் பிறகு மலேரியா கூடியது என்று 2022-ல் ஒரு ஆய்வு காட்டியது. உச்ச கட்டத்தில் ஆயிரம் பேருக்கு வருஷத்தில் சுமார் ஒரு கூடுதல் நோயாளி. தலைப்பிரட்டையும் தவளையும் இல்லாத தண்ணீரில் கொசுவுக்குக் கொண்டாட்டம்.

வயலில் தவளைகள் செத்துக் கிடந்தால் என்ன செய்வது?

ஒன்றிரண்டு என்றால் பாம்பு, கொக்கு, டிராக்டர் என்று ஆயிரம் காரணம். ஒரே நாளில் பல தவளைகள், அதுவும் காயமே இல்லாமல் கிடந்தால்தான் சந்தேகம். முதலில் யோசிக்க வேண்டியது பூஞ்சை அல்ல, பூச்சி மருந்து. பக்கத்து வயலில் முந்தின நாள் என்ன அடித்தார்கள் என்று விசாரித்தாலே பாதி பதில் கிடைக்கும். மீனும் நண்டும் சேர்ந்து செத்திருந்தால் அது தண்ணீரில் கலந்த விஷமாக இருக்கவே வாய்ப்பு அதிகம். மீன் நன்றாக இருந்து தவளை மட்டும் செத்தால், அதுவும் மார்கழிக் குளிரில் என்றால், நோய்ச் சந்தேகம் வலுக்கும்.

வெறும் கையால் தொட வேண்டாம். செல்போனில் தெளிவாக, வயிற்றுப்பக்கமும் சேர்த்து படம் எடுத்து, இடம், தேதி, நேரம் குறித்து வனத்துறைக்குச் சொல்லலாம். டெல்டாவுக்குள்ளேயே ஒரத்தநாட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. செத்த தவளை நம் ஊர் சூட்டில் சில மணி நேரத்தில் அழுகிவிடும், அழுகின தோலில் எதையும் சரியாகப் பார்க்க முடியாது. அதனால் தகவல் அன்றைக்கே போவது முக்கியம். உயிரோடு இருப்பவற்றைப் பிடித்துப் பாட்டிலில் போட்டு எடுத்துப்போகக் கூடாது. ஆய்வுக்குப் பிடிப்பவர்களே வனத்துறை அனுமதியோடுதான் பிடிக்கணும். மாதிரிகளை வெளிநாட்டு ஆய்வகத்துக்கு அனுப்பவும் விதிமுறைகள் கடுமை. அதற்கான தேசிய பல்லுயிர் ஆணையம் சென்னையில்தான் இருக்கிறது. இங்கேயே டெஸ்ட் செய்ய முடிவதன் அருமை அந்த நடைமுறை தெரிந்தவர்களுக்குப் புரியும்.

ஒரு குளத்தில் பிடித்த தவளையைக் கொண்டுபோய் இன்னொரு குளத்தில் விடுவதையும் தவிர்ப்பது நல்லது. பாவம் பார்த்துச் செய்தாலும் நோய் அதே வழியில்தான் ஊர் மாறும். வால்பாறை, கொடைக்கானல் ஓடைகளில் இறங்கி ஆடிவிட்டு வந்த ஈரச் செருப்போடு நேராகக் குளத்தில் இறங்குவதும் அப்படித்தான். இந்தப் பூஞ்சைக்குக் காய்ச்சல் ஆகாது என்பது நமக்குச் சாதகம். செருப்பு, பூட்ஸ், வலை எல்லாவற்றையும் சேறு போகக் கழுவி, முழுக்கக் காயும் வரை வெயிலில் போட்டாலே செத்துவிடும். மழை நாளில் வெயில் இல்லையென்றால் ப்ளீச்சிங் கரைசலில் முக்கி எடுத்துவிட்டு, அந்தத் தண்ணீரை வாய்க்காலில் கொட்டாமல் மேட்டு நிலத்தில் ஊற்றிவிடலாம்.